டிரைப்பின் மதுரையில் நிலமும் பொழுதும்: 1858-ஆம் ஆண்டு ஒளிப்படங்களைத் திணைநோக்கில் வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858-ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மதுரையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் எடுத்த படங்கள், தமிழ்நாட்டு ஒளிப்பட வரலாற்றின் முதன்மையான சான்றுகளுள் அடங்கும். இப்படங்களில் காணப்படும் வெறுமையைக் காலனியப் பார்வையின் விளைவு என்று மட்டும் கொள்வது போதாது. படமெடுத்த முறையின் வேதியியல் எவற்றைப் பதியவிடாமல் தடுத்தது, படமெடுத்தவரின் தேர்வு எவற்றை விலக்கியது என்று பிரித்தறிந்த பின்னரே நிலத்துக்கும் மக்களுக்கும் உள்ள உறவு பற்றிய கேள்வியை எழுப்ப முடியும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. தொல்காப்பிய அகத்திணை மரபின் முதற்பொருள், கருப்பொருள் பாகுபாடு இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: லின்னேயஸ் டிரைப், காகித நெகட்டிவ், மதுரை, யானைமலை, முதற்பொருள், கருப்பொருள்.

முன்னுரை

ஒளிப்படக் கலையின் தொடக்ககால முறைகள் அண்மைக்காலத்தில் மீண்டும் கவனம் பெற்றுள்ளன. உப்புத்தாள் அச்சு, நீலப்படிமம், மெழுகுத்தாள் நெகட்டிவ் முதலியவற்றைக் கற்றுத்தரும் பயிற்சிப் பட்டறைகள் இந்தியாவிலும் நடைபெறுகின்றன. வெயிலையும் நீரையும் இலையையும் கொண்டு கையால் செய்யப்படுவதால், இம்முறைகள் மனிதரை இயற்கையோடு இணைக்கின்றன என்ற கருத்து இவற்றைச் சுற்றி வலுப்பெற்று வருகிறது. இக்கருத்துக்கு நெடிய மரபு உண்டு. கேலோடைப் முறையைக் கண்டறிந்த ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1844 முதல் 1846 வரை பகுதிபகுதியாக வெளியிட்ட தம் நூலுக்கு 'இயற்கையின் எழுதுகோல்' என்று பொருள்படும் பெயரையே இட்டார். 1843-இல் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை நீலப்படிமத் தாளின்மீது நேரடியாக வைத்து, வெயிலில் காட்டிப் பதிவுசெய்தார். இருவரும் தத்தம் நாட்டின் பொருள்களைப் படமாக்கியவர்கள். டால்பட் முதலில் படமாக்கியவற்றுள் அவருடைய சொந்த மாளிகையும் ஒன்று.

அதே முறை பிறர் நிலத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டபோது நிகழ்ந்தது என்ன? இயற்கை தன்னைத்தானே வரைந்துகொள்கிறது என்ற கூற்று, வேறொரு மொழியும் வேறொரு வெயிலும் உள்ள மண்ணில் பொருந்துமா? மதுரையைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு விடைதேட உரிய சான்று டிரைப்பின் படத்தொகுதியே ஆகும்.

டிரைப்பும் மதுரைத் தொகுதியும்

இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1822-இல் பிறந்த டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றியவர். விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது ஒளிப்படம் பயின்று, 1853-இல் இலண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். ஹளேபீடு, பேலூர்க் கோயில்களை 1854-இல் படமெடுத்தார். 1855-இல் பர்மாவுக்குச் சென்ற அரசுத் தூதுக்குழுவில் இடம்பெற்றார். பின்னர்ச் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டு, 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டுச் சேலம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் வழியாக 1858 ஏப்ரல் இறுதியில் சென்னையை அடைந்தார். வடக்கே பெருங்கிளர்ச்சி இன்னும் அடங்கியிராத காலம் அது. மதுரைப் படங்கள் நான்கு பகுதிகளாக 1858-இல் வெளியிடப்பட்டன. விளக்கக் குறிப்புகளை அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வில்லியம் டிரேசி, சென்னை ஆட்சிப்பணியைச் சேர்ந்த மார்ட்டின் நார்மன் ஆகியோர் எழுதினர். 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் இப்பணியை ஆடம்பரச் செலவெனக் கருதி நிறுத்தச் செய்தார். அத்துடன் டிரைப்பின் ஒளிப்பட வாழ்க்கையும் ஏறத்தாழ முடிவுற்றது.

ஜேனட் டெவன் 2003-இல் வெளியிட்ட விரிவான பட்டியலும், ரோஜர் டெய்லர், கிறிஸ்பின் பிரான்ஃபுட் ஆகியோரின் 2014-ஆம் ஆண்டு நூலும் இத்தொகுதியை அறிவதற்கான அடிப்படைகள். அந்நூலையொட்டிய கண்காட்சி வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் ஆகிய மூன்று நகரங்களில் நடைபெற்றது. மதுரை மக்கள் தம் ஊரின் இப்படங்களைப் பெரும்பாலும் கணினித் திரையிலேயே கண்டுள்ளனர், இக்கட்டுரையாளரும் அவ்வாறே.

பச்சையைக் காணாத தாள்

டிரைப் கண்ணாடித் தகடுகளையும் கையாண்டார் எனினும், பெரிய அளவுக் காட்சிகளுக்குக் காகித நெகட்டிவையே பெரிதும் நம்பினார். மெழுகேற்றிய தாளை முன்னரே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம். எடுத்தவுடன் கழுவ வேண்டுவதில்லை. மாட்டுவண்டிப் பயணத்தில் உடையாது. 1851-இல் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே வெளியிட்ட இம்முறை வெப்ப நாட்டுப் பயணத்திற்கு ஏற்றதாக இருந்தது. ஆனால், அதற்குரிய குறைகள் படத்தின் பொருளையே மாற்றக்கூடியவை.

வெள்ளி அயோடைடு நீல, ஊதா நிற ஒளிக்கே இணங்கும். பச்சையும் சிவப்பும் அதற்கு இருள். இக்குறை 1873-இல் ஹெர்மன் ஃபோகல் சாயமேற்றும் வழியைக் கண்டறிந்த பின்னரே படிப்படியாக நீங்கியது. எனவே 1858-இல் மதுரைச் சமவெளியின் நெல்வயல், வேம்பு, செம்மண் கரை ஆகிய மூன்றும் தாளின்மீது ஏறத்தாழ ஒரே கருமையாக விழுந்திருக்கும். நீலவானம் மிகையாகப் பதிந்து, அச்சில் வெறும் வெண்மையாக எஞ்சும். ஒளிபடும் நேரம் நிமிடக்கணக்கில் நீண்டதால், காற்றில் அசையும் கிளை உருவிழக்கும்; நடந்து செல்பவர் தடயமின்றி மறைவர்; ஓடும் நீர் பால்போல் மழுங்கும். அசையாத கல் மட்டும் முழுமையாகப் பதியும்.

இங்கு ஒரு முரண் உண்டு. தாம் படமெடுக்க விரும்புவன பழம்பொருள் ஆய்வாளர், சிற்பி, தொன்மவியலார், வரலாற்றாசிரியர் ஆகியோரோடு தாவரவியலாருக்கும் பயன்படும் என்பது அரசுக்கு டிரைப் முன்வைத்த நோக்கம். அவர் கையாண்ட முறைக்கோ தாவரத்தின் நிறத்தை அறியும் திறன் இல்லை. இதை அவர் உணர்ந்தே இருந்தார். நெகட்டிவின்மேல் கையால் வண்ணம் பூசி இலைகளுக்கு வெளிச்சமும், வெற்று வானத்துக்கு மேகமும் சேர்த்தார். பர்மாப் படங்களில் தொடங்கிய இப்பழக்கம் தென்னிந்தியப் படங்கள் சிலவற்றிலும் தொடர்ந்தது.

இத்திருத்தங்களைத் தொழில்நுட்பத் திறன் என்று மட்டும் பாராட்டுவோர் பலர். தை, மாசி மாதங்களில் மதுரை வானம் எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர்க்கு அவை வேறொன்றையும் உணர்த்தும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பனி விழுந்து, பகலில் வானம் துடைத்தாற்போல் இருக்கும் காலம் அது. தாளில் பதிந்த வெற்று வானம் அப்பொழுதுக்கு ஓரளவு உண்மையாகவே இருந்தது. தூரிகை சேர்த்த மேகமோ ஆங்கில நிலக்காட்சி ஓவிய மரபிலிருந்து வந்தது. வேதியியலின் குறை மதுரையின் பொழுதைத் தற்செயலாகக் காத்திருக்க, கலைஞரின் கை அதை அழித்தது. டிரைப்பை வாசிப்போர் இந்த வேறுபாட்டுக்கு உரிய இடம் அளிக்கவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

முதற்பொருள் இருந்தும் கருப்பொருள் இன்மை

அகத்திணை மரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி முதலியன கருப்பொருள். நிலம் என்பது தனியே நிற்கும் காட்சி ஆகாது. அதில் வாழ்வனவும் நிகழ்வனவும் சேர்ந்தே அது திணையாகிறது. செய்யுள் இலக்கணத்தை 19-ஆம் நூற்றாண்டு ஒளிப்படத்தின்மீது ஏற்றுவது வலிந்த பொருத்தம் என்ற எதிர்ப்பு எழலாம். அது ஓரளவு சரியே. திணைக்கோட்பாட்டை எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்க்கும் கட்டுரைகள் தமிழாய்வில் மிகுந்துவிட்டன என்பதையும் மறுப்பதற்கில்லை. இங்கு அது விடையாகக் கொள்ளப்படவில்லை. படத்தில் இல்லாதவற்றை எண்ணிப் பார்ப்பதற்கான பட்டியலாக மட்டுமே கொள்ளப்படுகிறது.

வண்டியூர்த் தெப்பக்குளத்தை எடுத்துக்கொள்வோம். திருமலை நாயக்கர் காலத்தில் அமைந்த இக்குளத்தை டிரைப் படமெடுத்துள்ளார். தேங்கிய நீர் அசையாதது. ஆதலால் காகித நெகட்டிவுக்கு இணக்கமானது. மதுரைத் தொகுதியின் காலமான ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலேயே தெப்பத் திருவிழாவும் வரும். முழுநிலவைக் கணக்கிட்டுப் பார்த்தால் 1858-இல் தைப்பூசம் ஜனவரி இறுதியை ஒட்டி அமைந்திருக்க வேண்டும். ஆண்டு முழுவதிலும் அக்குளம் தன் ஊர்மக்களுக்கு முழுமையாகப் பொருள்படும் நாளுக்கு மிக அருகில் ஒளிப்படக் கருவி மதுரையில் இருந்தது. எனினும் தொகுதி நமக்கு அளிப்பது குளத்தையும் மைய மண்டபத்தையும் மட்டுமே. தெப்பம் நகர்வது, விளக்கு இரவில் எரிவது, கூட்டம் நிலைகொள்ளாதது. இம்மூன்றையும் அக்காலத் தாளால் வாங்க முடியாது. இந்த இன்மைக்கு டிரைப்பைக் குறைகூற இயலாது.

மீனாட்சியம்மன் கோயில் அணிகலன்களின் படம் இவ்வாறு தள்ளிவிடத் தக்கதன்று. கருவறையில் அவர் கருவி நுழைய முடியாது. அம்மனின் திருமேனியில் இருக்க வேண்டிய நகைகள் கருவியின் முன் பரப்பப்பட்டுப் படமாக்கப்பட்டுள்ளன. உலோகமும் மணியும் அசையாதவை. மிக நுட்பமாகப் பதிபவை. இங்கு வேதியியல் எதையும் தடுக்கவில்லை. அணியை அணிந்தவளிடமிருந்து பிரித்தது ஆவணப்படுத்தும் நோக்கமே. அணிகலனைப் பார்த்துப் பழகிய ஓர் அடியவர்க்கு இப்படம் என்ன சொல்லியிருக்கும் என்பதற்கு நம்மிடம் எழுத்துச் சான்று இல்லை. ஆனால், கருப்பொருள் தன் தெய்வத்தை இழந்து வெறும் பொருளாக நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் தொகுதியில் வேறில்லை.

புதுமண்டபத்தின் நெடிய தாழ்வாரங்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. உள்ளிருட்டில் ஒளிபடும் நேரம் மிக நீளும். கடந்து சென்றவர் மறைந்திருக்கலாம்; அல்லது படத்துக்காக மக்கள் அப்புறப்படுத்தப்பட்டிருக்கலாம். தையற்காரரும் புத்தகக் கடைகளும் நிறைந்திருந்த புதுமண்டபத்தை அண்மைக்காலம் வரை கண்ட தலைமுறைக்கு அந்த வெறுமை அச்சமூட்டுவதாகவே உள்ளது. எனினும் அது காலனியப் பார்வையா, தாளின் மந்தமா என்பதைப் படத்தை மட்டும் கொண்டு முடிவுசெய்ய முயல்வது நேர்மையாகாது. 'ஆளில்லாத கீழைநாடு' என்னும் வழக்கமான தீர்ப்பை நம் ஆய்வுகள் இவ்விடத்தில் மிக எளிதாக வழங்கிவிடுகின்றன.

படக்குறிப்பும் ஊர்ப்பெயரும்

வேதியியல் ஒன்றும் செய்ய இயலாத இடம் படக்குறிப்பு. பழைய கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து மதுரையை விரிவாக்கிய ஆட்சியர் ஜான் பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்ட விளக்குக் கம்பம் ஒன்றும் தொகுதியில் இடம்பெறுகிறது. குறிப்பு அதைப் பிளாக்பர்ன் நினைவுச்சின்னம் என்கிறது. ஊர் அதை 'விளக்குத்தூண்' என்றே இன்றுவரை வழங்குகிறது. ஆட்சியரின் பெயர் வழக்கில் நிற்கவில்லை. எரிந்த விளக்கு நின்றது. அருகிலிருக்கும் தெருவொன்று, இடிப்புப் பணியை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரைத் தாங்கி நிற்பதும் கருதத்தக்கது.

யானைமலைப் படம் இதனினும் ஆழமான சிக்கலை எழுப்புகிறது. மதுரைக்கு வடகிழக்கே, ஒத்தக்கடையை ஒட்டிக் கிடக்கும் இப்பாறை படுத்திருக்கும் யானையின் தோற்றமுடையது. இப்பெயர் நேற்று வந்ததன்று. மலையிலுள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டு இதனை யானைக்குன்றம் எனப் பொருள்படும் 'இவகுன்றம்' என்று சுட்டுகிறது. திருஞானசம்பந்தரின் தேவாரத்தில் ஆனைமலை சமணர் வாழிடமாகச் சுட்டப்படுகிறது. பாண்டிய அமைச்சன் மாறன்காரி 770-இல் குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயில் இதன் அடியில் உள்ளது. மேலே சமணத் தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன.

டிரைப்பின் படத்தலைப்பு 'யானைப்பாறை, முனைத் தோற்றம்' என்று பொருள்படும். யானைக்குத் தலை உண்டு, துதிக்கை உண்டு, வால் உண்டு. முனை என்பது பாறைக்கே உண்டு. தலைப்பின் முற்பாதி ஊரார் பெயரை மொழிபெயர்த்து ஏற்கிறது. பிற்பாதி அப்பெயரை மறந்துவிட்டுக் கட்டடத்தின் ஒரு பக்கத்தைக் குறிப்பதுபோல் மலையைக் குறிக்கிறது. இது ஒரு சொல்லைப் பற்றிய நுணுக்கம் என்று விட்டுவிடலாம். ஆனால், மலையை அளந்து, பக்கம் பிரித்து, உடலற்ற பொருளாகப் பார்க்கும் மொழி 1858-உடன் நின்றுவிடவில்லை.

மேலூர் வட்டாரத்தின் குன்றுகள் கிரானைட் கற்களாக அறுக்கப்பட்ட வரலாறு நாம் அறிந்ததே. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டாண்டுகளில், 2024 நவம்பரில், அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான உரிமம் ஏலத்தில் வழங்கப்பட்டது. ஊர்கள் திரண்டு எதிர்த்தன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை நீக்கியது. அப்போராட்டத்தில் மக்கள் முன்வைத்தவை சுனைகள், கண்மாய்கள், வல்லூறுகள், குடைவரைக் கோயில், சமணர் படுக்கை, ஆடுமாடுகளின் மேய்ச்சல் நிலம் ஆகியவை. தம் இலக்கண நூலை அவர்கள் புரட்டவில்லை. எனினும் அவர்கள் எண்ணிச் சொன்னது கருப்பொருளையே. 'இம்மலை எங்களுடையது' என்ற கூற்றுக்கு அவர்கள் அளித்த சான்று அதன் தோற்றம் ஆகாது. அதைச் சார்ந்து வாழ்வனவற்றின் வரிசையே சான்றாக நின்றது. டிரைப்பின் படத்தில் இல்லாதவையும் இவ்வரிசையில் உள்ளவையும் பெரிதும் ஒன்றே.

தாளுக்குப் பின்னிருந்த கைகள்

படத்துக்குள் காணாத மனிதர் படத்தைச் செய்தவருள் இருந்தனர். சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளியில் பயின்ற சி. அய்யாசாமி, டிரைப்பின் உதவியாளராகப் பணியாற்றியவர். தாளுக்கு மெழுகேற்றுதல், வெள்ளிக் கரைசலில் நனைத்தல், கழுவுதல், வெயிலில் அச்சிடுதல் ஆகியவை ஒருவர் கையால் முடிவன அல்ல. தொகுதியின் முகப்பில் ஒரு பெயரே உள்ளது. இப்படங்களைச் 'சொந்தம்' என்ற சொல்லால் அணுக வேண்டுமாயின், படமாக்கப்பட்ட நிலத்தைப் போலவே படமாக்கிய உழைப்பும் கணக்கில் வர வேண்டும். அய்யாசாமியைப் பற்றிய தனி ஆய்வு தமிழில் வெளிவருவது அவசியம்.

இம்முறை எவ்வளவு உழைப்பையும் உள்ளூர் அறிவையும் வேண்டுவது என்பதை உணர்வதற்காக, இக்கட்டுரையாளர் சென்ற ஆண்டு மாசியில் வீட்டு மாடியில் உப்புத்தாள் அச்சு செய்து பார்க்க முயன்றார். ஆழ்துளைக் கிணற்று நீரில் வெள்ளி நைட்ரேட்டைக் கரைத்தவுடன் கரைசல் பால்போல் வெளுத்துத் திரிந்துவிட்டது. மதுரைப் புறநகரின் உவர்நீரிலுள்ள குளோரைடு, வெள்ளியைத் தாளுக்கு விடாமல் தானே பற்றிக்கொண்டது. காய்ச்சி வடித்த நீரைக் கடையில் வாங்கிய பிறகே வேலை நடந்தது. உப்பில்லாமல் உப்புத்தாள் இல்லை. ஊர்த்தண்ணீரின் உப்போ அதைக் கெடுக்கும். இயற்கையோடு எளிதில் இணைந்துவிடலாம் எனப் பட்டறைகள் கூறுவதை அன்றிலிருந்து ஐயத்தோடே கேட்க நேர்கிறது. 1858-இல் நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்தக் கிணறு உவர்ப்பு என்பதை டிரைப்புக்கு யாரேனும் ஓர் ஊர்க்காரர் சொல்லியிருக்க வேண்டும். அந்த உரையாடல் எந்தக் குறிப்பிலும் இல்லை.

நீரால் அறியப்படும் காலம்

டிரைப்பின் வைகைப் படம் ஆற்றையும் மதுரையை நோக்கிக் கடக்கும் தரைப்பாலத்தையும் காட்டுகிறது. 1959-இல் வைகை அணை வருவதற்கு ஒரு நூற்றாண்டு முந்திய ஆறு அது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து, மேற்கே சென்ற நீர் கிழக்கே திருப்பப்பட்ட பின்னரே இன்று நாம் காணும் மேலூர்ப் பக்கத்துப் பசுமை உருவானது. ஆகவே யானைமலையடியில் டிரைப் கண்ட சமவெளி, கண்மாயையும் மழையையும் மட்டுமே நம்பிய நிலம். இன்றைய நினைவைக் கொண்டு அப்படத்தின் கருமையில் பசுமையைத் தேடுவது பிழையாகும். பச்சையைக் காணாத தாள் என்று மேலே கூறப்பட்டது. காண்பதற்குப் பச்சை எவ்வளவு இருந்தது என்பதும் உடன் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இதை இக்கட்டுரையாளருக்கு உணர்த்தியவர் நூலாசிரியர் எவரும் அல்லர். களப்பணியின்போது யானைமலைப் படத்தின் அச்சுப்படி ஒன்றை நரசிங்கத்தில் ஒரு முதிய விவசாயியிடம் காட்ட நேர்ந்தது. எடுத்தவர் யார் என்று அவர் கேட்கவில்லை. சிறிது நேரம் பார்த்துவிட்டு, "எந்த மாசம் எடுத்ததும்மா?" என்றார். தை, மாசி என்று சொன்னதும், படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மீண்டும் கேட்டார்: "பெரியாத்துத் தண்ணி வாரதுக்கு முந்தியா, பிந்தியா?"